மிஞ்சிய தருமம் யாருக்கு உரியது?

ஈதல் சைவ வாழ்வின் உயிர்நாடிகளுள் ஒன்று. ஆலயத்தை நடுவாகக் கொண்டு அமைந்த நமது ஊர்களிலே கொடுக்கும் கைகளுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. வீட்டிலே உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தருமத்துக்கென வேறாக எடுத்து வைத்த தாய்மார் வாழ்ந்த மண் இது. அந்தப் பிடியரிசியைக் கொண்டே சைவப் பாடசாலைகள் வளர்ந்தன, மடங்களில் அடுப்பெரிந்தது, வழிப்போக்கர் பசியாறினர். கொடுப்பதன் சிறப்பை நமது அறநூல்களும் புராணங்களும் விரித்துப் பேசுகின்றன. பிரசங்கங்களிலும் அதனை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

ஆனால் கொடுத்த பின்பு எழும் ஒரு கேள்வி பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஒரு காரியத்துக்கென்று சேர்த்த பொருள், அந்தக் காரியம் முடிந்த பின்பும் மிஞ்சியிருந்தால் அது யாருக்கு உரியது? அதனை என்ன செய்வது? கொடுப்பது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கொடுத்ததைக் காப்பதோ பல ஆண்டுகள் நீளும். ஊர்களிலே சபைகள் பிளவுபடுவதும், கூடிப் பிறந்தவர்கள் போல இருந்தவர்கள் முகம் பாராது போவதும் பெரும்பாலும் காசு சேராத காரணத்தால் அல்ல. சேர்ந்த காசு மிஞ்சியபோது அதனை எப்படிக் கையாள்வது என்று தெரியாத காரணத்தாலேயே ஆகும். ஆகவே அடியார்கள் கூடி வாசிக்கும் இம்மலரிலே இக்கேள்வியைச் சிறிது ஆராய்வது பொருத்தமானது எனக் கருதுகின்றேன்.

தேவை முடிந்தது, காசு முடியவில்லை

தருமப் பொருள் மூன்று வகையாக மிஞ்சுகின்றது. முதலாவது, காரியம் நிறைவேறி மிஞ்சுவது. தேர்த் திருப்பணிக்கென ஊராரும் புலம்பெயர்ந்த உறவுகளும் மனமுவந்து கொடுக்கின்றனர். தேர் வெள்ளோட்டம் கண்டு விடுகின்றது. கணக்குப் பார்க்கையில் ஒரு தொகை மீதமாக நிற்கின்றது. இது மகிழ்ச்சிக்குரிய மிச்சம்.

இரண்டாவது, காரியத்தை நிறைவேற்ற முடியாது போவதால் மிஞ்சுவது. ஒரு பிள்ளையின் சத்திரசிகிச்சைக்கென ஊர் திரண்டு காசு சேர்க்கின்றது. அந்தக் காசு முழுவதும் சேரும் முன்பே பிள்ளை இறைவனடி சேர்ந்து விடுகின்றது. இது துயரம் தோய்ந்த மிச்சம். அதனைத் தொடவும் கை கூசும். யாரிடம் கொடுப்பதென்று கேட்கவும் வாய் கூசும்.

மூன்றாவது, காலம் மாறிவிட்டதால் மிஞ்சுவது. நமது பழைய தெருக்களின் ஓரத்திலே சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தலையிலும் தோளிலும் பாரம் சுமந்து நடந்தவர்கள், இன்னொருவரின் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக அவை நாட்டப்பட்டன. கருவுற்ற நிலையிலேயே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளது உறவினர் சுமைதாங்கி நாட்டுவது அந்நாளில் வழக்கமாக இருந்தது. அவளால் இறக்கி வைக்க முடியாத சுமையை எண்ணி, பிறர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் செய்தார்கள். மாடுகள் உடம்பை உரஞ்சிக் கொள்ள ஆவுரஞ்சிக் கல் நாட்டினார்கள். பருத்தித்துறையிலே தெருவையே மூடி நிற்கும் தெருமூடிமடம் வழிப்போக்கருக்கு நிழல் தருவதற்கென எழுந்தது. இன்று பாரம் லொறியிலும் முச்சக்கரவண்டியிலும் போகின்றது. சுமைதாங்கியைத் தேடுவார் இல்லை. கல்லுக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் அத்தகைய தருமங்களைப் பராமரிக்கவென எழுதி வைக்கப்பட்ட காணித் துண்டுகளும் தென்னைகளும் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன.

அண்மைக் காலத்திலும் இவ்வாறு நடந்ததுண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூல் வாங்கிக் கொடுப்பது ஒரு காலத்திலே பெரிய தருமம். 1980 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 1993 முதல் சீருடைத் துணியும் வழங்கப்பட்டது. பாடநூலுக்கென ஒதுக்கப்பட்ட வைப்பின் வட்டி அதன்பின் எங்கே போக வேண்டும்? 1990 ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகளாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. அந்த நாளில் கோயில் விளக்குக்கும் ஜெனரேற்றருக்கும் எண்ணெய் வாங்கவென அடியார்கள் கொடுத்த காசு, வீதியெங்கும் மின்விளக்கு எரியும் இந்நாளில் என்ன ஆகும்? இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தோருக்கெனச் சேர்த்த நிதி, அவர்களிற் பெரும்பாலோர் ஊர் திரும்பிய பின் யாருக்குச் சேரும்?

இரண்டு இலகுவான விடைகள்

இக்கேள்விக்கு ஊரிலே வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படும். இரண்டும் இலகுவானவை. இரண்டும் பிழையானவை என்பதே எனது தாழ்மையான கருத்து.

முதலாவது விடை இப்படி வரும்: “அண்ணை, அந்தக் காசு சும்மாதானே கிடக்குது. இப்ப மதில் வேலைக்கு எடுத்துப் பாவிப்பம். பிறகு தேவையெண்டால் போட்டுவிடலாம்.” இதைச் சொல்பவர் கள்வர் அல்லர். பெரும்பாலும் ஊருக்காக ஓடித் திரிந்து உழைப்பவரே இப்படிச் சொல்வார். மதிலும் தேவையானதுதான். ஆயினும் இந்தப் பேச்சிலே ஒரு சிறு புரட்டு மறைந்திருக்கின்றது. ‘தேவை முடிந்துவிட்டது’ என்பதிலிருந்து ‘ஆகவே இது இனி எங்களுடையது’ என்பதற்கு ஒரே பாய்ச்சலிற் போய்விடுகின்றோம். கொடுத்தவர் எங்களை நம்பித் தந்தது வைத்திருப்பதற்கே. எங்கள் விருப்பம்போல் ஆள்வதற்கு அன்று.

பெரியபுராணம் கூறும் கோட்புலி நாயனாரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நாட்டியத்தான்குடியிலே பிறந்து சோழரின் சேனாதிபதியாக விளங்கிய அவர், தமக்குக் கிடைத்த பொருளையெல்லாம் நெல்லாக வாங்கிச் சிவாலயங்களின் திருவமுதுக்கெனக் கூடு கட்டிச் சேமித்து வந்தார். போருக்குப் புறப்பட்டபோது அந்நெல்லை எடுக்கக் கூடாதெனச் சுற்றத்தாரிடம் ஆணையிட்டுச் சென்றார். பின்னர் பஞ்சம் வந்தது. சுற்றத்தார் பசி தாங்காது, இப்போது உண்டு உயிர் பிழைப்போம், பிறகு கொடுத்து விடுவோம் என்று எண்ணி அந்நெல்லைச் செலவிட்டனர். திரும்பி வந்த நாயனார் கொடுத்த தண்டனை நம்மை நடுங்க வைப்பது. அச்செயலைப் பின்பற்றும்படி எவரும் நமக்குச் சொல்லவில்லை. அடியாரின் அளவு கடந்த அன்பின் நிலை அது. நாம் கவனிக்க வேண்டியது சுற்றத்தாரின் வார்த்தையை. “பிறகு கொடுத்து விடுவோம்” என்று அன்று அவர்கள் எண்ணியதும், “பிறகு போட்டுவிடலாம்” என்று இன்று நாம் சொல்வதும் ஒன்றுதான். பல நூற்றாண்டுகள் கடந்தும் அந்த நினைப்பு மாறவில்லை.

இதனோடு இளையான்குடிமாற நாயனாரின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழை கொட்டும் நள்ளிரவிலே அடியவர் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டிலே ஒரு மணி அரிசி இல்லை. பகலிலே வயலில் விதைத்த முளை நெல்லை இருளிற் சென்று வாரி வந்து அமுதாக்கினார் நாயனார். விதைப்புக்கென்று வைத்த நெல் வேறொரு தேவைக்குப் போயிற்று. ஆயினும் அதனை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. காரணம், அந்த நெல் அவருடையது. அவர் தமது நாளைய சோற்றை எடுத்து இன்றைய விருந்தினருக்குக் கொடுத்தார். பிறருடையதை எடுத்து அவர் கொடுக்கவில்லை. பசி இரண்டு கதைகளிலும் உண்டு. நெல்லும் உண்டு. வேறுபாடு நெல் யாருடையது என்பதிலேயே இருக்கின்றது.

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிரானது. “சிவன் சொத்து குல நாசம். ஒருவரும் கை வைக்க வேண்டாம். வங்கியிலே கிடக்கட்டும்.” இதைச் சொல்பவர் அஞ்சி வாழ்பவர், அந்த அச்சம் மதிக்கத்தக்கது. பல ஊர்களிலே தருமச் சொத்து இன்றும் தப்பியிருப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் தொடாமல் விடுவதால் பொருள் காக்கப்படுகின்றது என்று எண்ணுவது தவறு. 2022 செப்டெம்பரில், முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகையில், நமது நாட்டிலே விலைவாசி ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. அதாவது 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளை வாங்க 170 ரூபா வேண்டியிருந்தது. வங்கி வட்டி அந்த உயர்வுக்கு எட்டவில்லை. வட்டியில்லாத கணக்கிலே பூட்டி வைத்திருந்த தருமக் காசு ஒரே ஆண்டில் தனது வலுவில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்தது. ஒருவரும் களவெடுக்கவில்லை. ஒருவரும் கையாடவில்லை. புத்தகத்திலே எழுதிய தொகை அப்படியே இருந்தது. ஆனால் அதனால் பசியாறியிருக்கக் கூடிய வயிறுகளின் எண்ணிக்கை குறைந்து போயிற்று.

ஆகவே எடுத்துச் செலவிடுவது ஒரு முடிவு என்றால், எடுக்காமல் வைத்திருப்பதும் ஒரு முடிவே. இரண்டுக்கும் நாம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தவர் எதைக் கொடுத்தார்?

சரியான விடையைத் தேடுவதற்கு இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒருவர் தருமத்துக்குக் காசு கொடுக்கும்போது உண்மையில் எதைக் கொடுக்கின்றார்? காசைக் கொடுக்கின்றார். அதனோடு ஒரு நோக்கத்தையும் கொடுக்கின்றார். அந்த நோக்கத்துக்கு அடியிலே ஒரு மனம் இருக்கின்றது. சுமைதாங்கி நாட்டியவர் கல்லின் மேல் கொண்ட ஆசையால் அதனை நாட்டவில்லை. பாரம் சுமப்பவர் மேல் கொண்ட இரக்கத்தால் நாட்டினார். கல்லின் வேலை முடியலாம். பாரம் சுமப்பவர்கள் முடிந்து விடவில்லை. நோக்கம் நிறைவேற முடியாத நிலை வந்தால், அந்த நோக்கத்தைப் பெற்றெடுத்த மனத்தைத் தேடி அதன் வழியே நடப்பதே அறமாகும்.

உலகின் பல நாடுகளிலே அறிஞர்களும் நீதிமன்றங்களும் இம்முடிவுக்கே வந்திருக்கின்றனர். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில் வாழ்ந்த பிரான்சிஸ் ஜக்சன் என்பவர் 1861 இல் இறந்தார். அடிமை முறையை ஒழிக்கும் எண்ணத்தை மக்கள் மனத்தில் வளர்க்கும் பணிக்கென 10,000 டொலரும், தப்பியோடி வரும் அடிமைகளுக்கு உதவவென 2,000 டொலரும் தமது மரணசாதனத்தில் எழுதி வைத்தார். அது தொடர்பான வழக்கு முடிவதற்கு முன்பே, 1865 இல் அந்நாட்டின் அரசியலமைப்புத் திருத்தத்தினால் அடிமை முறை ஒழிக்கப்பட்டு விட்டது. ஒழிப்பதற்கு அடிமை முறை இல்லை. தப்பி ஓடி வருவதற்கு அடிமைகளும் இல்லை. காசு மட்டும் இருந்தது.

இறந்தவரின் உறவினர் அதனைத் தமக்குத் தர வேண்டும் என்றனர். பொறுப்பாளர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு எழுந்தது. விடுதலை பெற்றோரின் கல்விக்குக் கொடுக்கலாம் என்றார் வில்லியம் லொயிட் கரிசன். அவர்களுக்கு வாக்குரிமை கிடைக்கும் வரை போராட்டம் முடியவில்லை, அதற்கே செலவிட வேண்டும் என்றார் வென்டல் பிலிப்ஸ். இருவரும் அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளையே அர்ப்பணித்தவர்கள். 1867 இல் மசாசுசெற்ஸ் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு உறவினருக்குப் போகவில்லை. முதற்தொகை விடுதலை பெற்றோரின் கல்விக்கும், இரண்டாவது தொகை அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் வறுமையில் வாடிய கறுப்பின மக்களுக்கும் போயிற்று. கொடுத்தவரின் நோக்கத்துக்கு இயன்றளவு அண்மையானது எது என்று பார்ப்பதே நீதிமன்றம் கைக்கொண்ட வழி.

இங்கிலாந்திலும் ஒரு வழக்கு உண்டு. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோமஸ் பெற்றன் என்ற வணிகர், வட ஆபிரிக்கக் கரையிற் கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு அடிமையான தமது நாட்டவரை மீட்கவெனத் தமது செல்வத்தின் வருவாயிற் பாதியை எழுதி வைத்தார். நூறாண்டு சென்றதும் மீட்பதற்குக் கைதிகள் இல்லாது போயினர். காசு குவிந்தது. வழக்குகள் நீண்டன. 1844 இலேயே முடிவான தீர்ப்பு வந்தது. கைதிகளுக்கு அண்மையானது எதுவும் கிடைக்காமையால், அவர் அதே சாசனத்தின் வேறொரு பகுதியில் தருமப் பாடசாலைகளுக்கும் கொடுத்திருந்ததைக் குறிப்பாகக் கொண்டு, அந்தப் பணம் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டது. கைதிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் என்ன உறவு என்று நாம் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கும் நீதிபதிகள் தமக்கு எது விருப்பம் என்று பார்க்கவில்லை. கொடுத்தவர் தமது கைப்பட விட்டுச் சென்ற குறிப்பையே தேடினார்கள்.

நமது நாட்டிலும் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் தரும நிதியங்களையும் ஆலயச் சொத்துக்களையும் பற்றிப் பேசுகின்றது. பெரிய சொத்துக்கள், உறுதி எழுதிக் கொடுத்த காணிகள் ஆகியவற்றில் தகராறு எழுமாயின் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் நிர்வாகத் திட்டம் ஒன்றை வகுத்துக் கொள்ள அச்சட்டம் இடமளிக்கின்றது. அத்தகைய விடயங்களில் சபையார் தாமாக முடிவெடுக்காது சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுவதே நன்று. ஆனால் ஊரிலே எழும் சிறு மிச்சங்கள் நீதிமன்றம் வரை போவதில்லை. அவற்றுக்கு நமது மனச்சாட்சியே நீதிமன்றம்.

அண்மையானது எது?

மனச்சாட்சி தடுமாறாதிருக்க ஓர் ஒழுங்கு வேண்டும். முதலிலே, கொடுத்த காரியம் உண்மையில் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். நமக்குச் சலிப்பு வந்துவிட்டதால் காரியம் முடிந்து விட்டதாகாது. முகாமில் இருந்தோருக்கெனச் சேர்த்த காசு மிஞ்சியிருந்தால், இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர் எவராவது உளரா என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஒருவர் இருந்தாலும் அந்தத் தருமத்தின் வேலை முடியவில்லை.

அடுத்து, கொடுத்தவர் இருக்கின்றாரா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவரைக் கேட்பதே முறை. இன்று கனடாவில் இருப்பவரையும் ஒரு தொலைபேசி அழைப்பிற் கேட்டுவிடலாம். “தம்பி, நீர் தந்த காசிலே இவ்வளவு மிஞ்சியிருக்கு, என்ன செய்வம்?” என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நல்ல காரியத்துக்கு விடுங்கோ என்றே சொல்வர். அப்படியே சொல்வார்கள் என்று தெரிந்தும் ஏன் கேட்க வேண்டும்? கேட்பதால் அவர் மதிக்கப்படுகின்றார். கேளாது எடுத்ததைப் பின்னர் அறிந்தால் அதே மனிதர் மனம் புண்படுவார். அடுத்த தருமத்துக்கு அவர் கை நீளாது.

கொடுத்தவர்கள் பலராய், பெயர் தெரியாதவராய் இருந்தால், ஆளைப் பார்க்க வேண்டும், தேவையைப் பார்க்க வேண்டும், இடத்தைப் பார்க்க வேண்டும். யாருக்காகக் கொடுத்தார்கள்? எந்தத் துன்பத்தை நீக்கக் கொடுத்தார்கள்? எந்த ஊருக்குக் கொடுத்தார்கள்? 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நமது கரையோரங்களை அழித்தபோது, உள்ளூர்க் கிராமங்களும் கோயில்களும் உடுத்த துணியையும் உலை அரிசியையும் கொடுத்தன. அவ்வாறு சேர்ந்த நிதியில் மீதம் இருந்திருந்தால், அதற்கு அண்மையான தேவை 2008 நவம்பரிலே நிஷா புயலும் வெள்ளமும் வந்தபோது அதே கரையோர மக்களுக்கு ஏற்பட்ட தேவையாகும். பாடநூலுக்கென வைத்த நிதிக்கு அண்மையானது அப்பியாசக் கொப்பியும் சப்பாத்தும் பயணச் செலவும். சுமைதாங்கித் தருமத்தின் காணிக்கு அண்மையானது என்ன? கருவுற்ற ஏழைத் தாய்மாரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் செலவு என்று ஒருவர் சொன்னால், அந்தக் கல்லை நாட்டியவரின் ஆன்மா அதனை மறுக்காது என்றே நான் நினைக்கின்றேன்.

இறந்துபோன பிள்ளையின் சிகிச்சைக் காசு மிகக் கடினமானது. அதனைப் பெற்றோரிடமே கொடுத்துவிடலாம் என்பர் சிலர். மருத்துவக் கடன் அவர்களுக்கு இருக்குமாயின், அதனைத் தீர்ப்பது அந்தக் காரியத்தின் பகுதியே. அந்திமச் செலவையும் ஊர் மனமுவந்து ஏற்கும். அதற்கு மேலும் மிஞ்சினால், ஊர் கொடுத்தது அந்த வீட்டின் செல்வத்தைப் பெருக்குவதற்கு அன்று, ஒரு பிள்ளையைக் காப்பதற்கு. ஆகவே அது இன்னொரு பிள்ளையைக் காக்கப் போக வேண்டும். அதனைப் பெற்றோரின் சம்மதத்தோடு, அவர்களது கையாலேயே கொடுப்பித்தால், இறந்த பிள்ளையின் பெயரால் ஓர் உயிர் பிழைத்தது என்ற ஆறுதலும் அவர்களுக்குச் சேரும்.

இறைபணிக்கு எடுக்கலாமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எல்லாத் தருமத்திலும் உயர்ந்தது சிவதருமம் அல்லவா? அப்படியாயின் மிஞ்சிய எந்தக் காசையும் இராசகோபுரத்துக்கோ மகோற்சவத்துக்கோ கொடுத்து விட்டால் என்ன? இறைவனுக்குக் கொடுப்பதை யார் குறை சொல்ல முடியும்?

ஆலய மலரிலே இதற்கு மறுமொழி சொல்வதற்குத் தயங்கலாகாது. நோயாளிக்கென்று கேட்டுப் பெற்ற காசை, கொடுத்தவரைக் கேளாது கோபுரத்தில் இடுவது முறையன்று. வைத்தியசாலைக் கட்டிலை நினைத்து ஒருவர் கொடுத்தார். அவர் கோபுரத்துக்கும் கொடுக்கக்கூடும். ஆனால் அதனை அவரே தமது மனத்தோடு கொடுக்க வேண்டும். இறைவன் ஏற்பது அந்த மனத்தையே. அவருக்குத் தெரியாது நாம் எடுத்து இடும்போது, கோபுரத்திற் செங்கல் ஏறும், அவரது காணிக்கை ஏறாது. அதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும். திருவமுதுக்கென்றும் நந்தா விளக்குக்கென்றும் கொடுத்ததை, மனித சேவையே மகேசன் சேவை என்று சொல்லி நாம் விரும்பியவாறு திருப்பிவிடவும் உரிமையில்லை. பஞ்சமே வந்தாலும், சபையைக் கூட்டி, கொடுத்தவர்களைக் கேட்டு, ஊரறிய முடிவு செய்ய வேண்டும். கோட்புலியாரின் சுற்றத்தார் கேளாது எடுத்தார்கள் என்பதை மறத்தலாகாது.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, அடியாருக்கு அமுதளிப்பதற்காக அப்பர் சுவாமிகளுக்கும் ஞானசம்பந்தப் பிள்ளையாருக்கும் இறைவன் படிக்காசு அருளிய வரலாற்றை நாம் அறிவோம். இறைவன் நினைத்தால் ஒரு பொற்குவியலையே ஒரே நாளிற் கொடுத்திருக்கலாம். அவ்வாறு கொடுக்கவில்லை. நாள்தோறும் காசு வைத்தான். நாள்தோறும் அடியார் உண்டனர். அன்றைய காசு அன்றைய பசிக்கே சென்றது. மிஞ்சிய காசை என்ன செய்வது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அந்தக் கணக்கு இறைவனுக்கு மட்டுமே இயலும். நாமோ குறைவாகவோ கூடுதலாகவோதான் சேர்ப்போம். ஆயினும் அதில் ஒரு பாடம் உண்டு. காசு வந்தது பெட்டியில் தங்குவதற்கு அன்று, பசித்தவரின் கைக்குப் போவதற்கே.

முன்னரே எழுதும் ஒரு வரி

பெரும்பாலான மனக்கசப்புக்களை ஒரு வரியால் தவிர்க்கலாம். காசு சேர்க்கும் துண்டுப்பிரசுரத்திலும் பற்றுச்சீட்டிலும், “இக்காரியம் நிறைவேறிய பின் மிஞ்சும் தொகை இன்ன தருமத்துக்குப் பயன்படுத்தப்படும்” என்று முன்னரே அச்சிட்டு விடலாம். விரும்பாதவர் அப்போதே சொல்லலாம். விரும்பியவர் தெரிந்தே கொடுக்கின்றார். காரியம் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு, செலவு, மீதி மூன்றையும் ஆலய அறிவித்தற் பலகையிலே ஒட்டலாம். மிச்சத்தைப் பற்றிய தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்திலே எடுத்து, இன்ன காரணத்தால் இவ்வாறு தீர்மானித்தோம் என்று கூட்டக் குறிப்பிலே எழுதி வைக்கலாம். நமக்குப் பின் வரும் சபையார் அதனை வாசித்து அறிவர். தனாதிகாரியாக இருப்பவருக்கும் அது காவல். நேர்மையாக உழைத்தும் கணக்கு வெளியே வராததால் பழி சுமந்தவர்கள் எத்தனை ஊர்களில் எத்தனை பேர்!

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நன்றாக முடிந்த தருமத்தை முடித்து விடுவதும் ஒரு தருமமே. அமெரிக்காவிலே இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதற்கென 1938 இல் அந்நாட்டுச் சனாதிபதி ரூஸ்வெல்ற் ஆரம்பித்த தாபனத்துக்கு மக்கள் பத்துச் சதக் குற்றிகளை அனுப்பி உதவினர். அந்தச் சிறு காசுகளின் துணையோடு ஆராய்ச்சி வளர்ந்து, 1955 இல் தடுப்பூசி பயனுள்ளது என்று அறிவிக்கப்பட்டது. நோக்கம் கைகூடியது. 1958 இல் அத்தாபனம், இனிப் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணிக்குத் திரும்புகின்றோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. பிள்ளைகளின் கைகால்களைக் காக்கவெனக் கொடுத்தவர்களுக்கு அது தூரத்து உறவாகப் படவில்லை. அறிவித்துச் செய்ததால், தொடர்ந்து கொடுக்க விரும்பியவர் கொடுத்தனர். விரும்பாதவர் நிறுத்திக் கொண்டனர். மறைவாகத் திருப்பியிருந்தால் அதே நல்ல காரியமும் ஏமாற்றாகியிருக்கும்.

அன்பர்களே, மிச்சக் காசு சிறிய தொகையாக இருக்கலாம். அதிலே தங்கியிருப்பது சிறிய விடயம் அன்று. பெயர் தெரியாத ஒரு கிழவி முந்தானையில் முடிந்து வைத்த காசை அவிழ்த்து உண்டியலில் இடும்போது, அவள் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. கணக்குக் கேட்கப் போவதுமில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ‘கோயிலடியில் கொடுத்தேன், சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்’ என்பதே. அந்த நம்பிக்கைதான் நமது ஊரின் உண்மையான மூலதனம். தேரும் கோபுரமும் மடமும் அன்னதானமும் அதிலிருந்தே எழுகின்றன. மிஞ்சியதைக் கையாளும் விதத்திலேதான் அது வளர்வதும் தேய்வதும்.

கேட்க ஆளில்லாதபோதும் கேட்டுச் செய்வோம். பார்க்க ஆளில்லாதபோதும் எழுதி வைப்போம். கொடுத்தவர் மனத்தைத் தேடி, அதற்கு மிக அண்மையான துயரைத் துடைப்போம். அதற்கான தெளிந்த அறிவையும் தூய மனத்தையும் எம் எல்லோருக்கும் அருளுமாறு எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோமாக.

சுபம்.